ஒரு பாட்டில் காற்று

விம்கோ நகர் டீக்கடையில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டை நடந்த ஊரில் நான் பிடிபட்டபோது, பெரிய ஸ்பானரை எடுத்து நாலு பேரை அடித்துச் சாய்த்தேனாம். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு டக்கை நானே ஓட்டி வந்தேனாம். போன மாதம் எண்ணூரில் டக் டிரைவர்கள் சேர்ந்து, ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அங்கேயும் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே சொன்னார். நான் எழுந்து, அப்படியெல்லாம் இல்லையப்பா, நான் யாரையும் அடிக்கவில்லை என்றேன். கூட்டம் கை தட்டியது. தன்னடக்கமாம்! எனக்குத் தன்னடக்கமே கிடையாது. என் வீட்டுக்காரியைக் கேளுங்கள், சொல்வாள். நாங்கள் செய்தது அடிதடியைவிடப் பெரிய வேலை. அதைப் போய் சினிமாச் சண்டையாக்கிவிட்டார்களே என்றுதான் வயிற்றெரிச்சல். அதனால் நானே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். டக் என்றால் பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் சின்னக் கப்பல். மேலே சக்கரத்தைப் பிடித்து ஓட்டுகிறவர் மாஸ்டர். கீழே எஞ்சின் ரூமில் நிற்கிறவன் டிரைவர். நான் டிரைவர். மேலே என்ன நடக்கிறதென்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மேலிருந்து கீழே ஒரு பித்தளைக் குழாய் வரும். இந்த முனையில் வாய் வைத்துப் பேசினால் அந்த முனையில் கேட்கும். என் உத்தியோகம் முழுவதும் நான் கடலைக் கண்ணால் பார்த்ததைவிட அந்தக் குழாய் வழியாகக் காதால் கேட்டதுதான் அதிகம்.

பிறந்தது கொருக்குப்பேட்டை. அப்பா கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்கினார். நான் துறைமுகத்தில் கிரீசராகச் சேர்ந்து, எண்ணெய் துடைத்து, திட்டு வாங்கி, பரீட்சை எழுதி டிரைவர் ஆனேன். அந்த வருஷங்களில் கற்றுக்கொண்டதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம்: காற்றைக் காப்பாற்று. பழைய டக்கின் எஞ்சின் சாவி போட்டால் கிளம்புகிற ரகம் இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு பாட்டில்கள் நிற்கும். கம்ப்ரசரை ஓட்டி அவற்றில் காற்றை அழுத்தி அடைத்து வைத்திருப்போம். கைப்பிடியை இழுத்தால் அந்தக் காற்று பாய்ந்து எஞ்சினை ஒரு உதை விட்டுச் சுற்றவைக்கும்; அதற்கு அப்புறம்தான் டீசல் பற்றும். கியர் என்று ஒன்று கிடையாது. முன்னால் போக எஞ்சின் ஒரு பக்கம் சுற்ற வேண்டும்; பின்னால் போக அதை நிறுத்திவிட்டு மறுபக்கம் சுற்றவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு உதை, ஒவ்வொரு உதைக்கும் காற்று. பாட்டிலில் காற்று தீர்ந்தால் டக் மிதக்கிற கட்டைதான். அதனால் அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஒரு கோடு இறங்கினாலும் எனக்குப் பகீரென்று இருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மாஸ்டர் அந்தோணி. ராயபுரத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். 'மெதுவாகப் பின்னால்' என்பதையும் 'மோதப் போகிறோம், நிறுத்து' என்பதையும் ஒரே குரலில்தான் குழாயில் சொல்வார். அவசரம் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தினம் காலையில் சவரம், துவைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். டக்கின் கரி அந்தச் சட்டையில் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கரையை விட்டுக் கிளம்பியதும் கை தானாக மேலே போய் விசில் கம்பியை இழுக்கும். நீளமாக ஒரு விசில். மற்ற மாஸ்டர்களும் ஊதுவார்கள், ஊத வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் அவர்கள் ஊதுவது ஒரு ஏப்பம். இவர் ஊதுவது ராயபுரம் மாதா கோயில் வரை கேட்கும். விசிலும் காற்றில்தான் வேலை செய்கிறது. கீழே கேஜ் முள் இறங்க இறங்க நான் குழாயில் கத்துவேன்: "காத்து போவுது மாஸ்டர்!"

பதில் எப்போதும் ஒன்றுதான். "சொல்லாம கெளம்புறவன் திருடன் டிரைவரே. நாம இன்னாத்த திருடிக்கினு போறோம்?"

பத்துப் பதினைந்து வருஷம் இந்தச் சண்டை எங்களுக்குள் நடந்தது. எனக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்ததே அவர்தான். ஆனாலும் காற்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு அவர் துறைமுக வேலையை விட்டு ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்தக் கம்பெனி ஒரு பழைய டக்கைக் கடல் தாண்டி வேலைக்கு அனுப்பியது. எங்களோடு மூன்று பேர். கிரீசர் சேகர், வியாசர்பாடிக்காரன், எனக்குக் கீழே வேலை. டெக்கில் கயிறு பிடிக்கிற லஸ்கர் ஏழுமலை, காசிமேட்டுக்காரன். சமையல் காதர் பாய், தண்டையார்பேட்டை. பாய் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், கனத்த உடம்பு, எதற்கும் அவசரப்பட மாட்டார். அவர் வைக்கிற மீன் குழம்புக்காகவே கம்பெனி மாறாமல் இருந்தவர்கள் உண்டு.

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு மதியம், பைப் ஏற்றிய ஒரு பார்ஜை, அதாவது எஞ்சின் இல்லாத சரக்குப் படகை, இழுத்துக்கொண்டு போனபோது, இரண்டு வேகப் படகுகளில் துப்பாக்கியோடு வந்து ஏறினார்கள். நான் கீழே இருந்தேன். குழாயில் மாஸ்டர் அதே குரலில், "எஞ்சின நிறுத்துங்க. மேல வாங்க. கையில ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்க" என்றார். மேலே போய்ப் பார்த்தால் அவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு நிற்கிறார், நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி.

போர் விமானத்தில் போன விமானி பிடிபட்டால் நாடே பேசும். பேச வேண்டியதுதான், நானும் பேசுவேன். சமையல்காரரோடு சேர்த்து ஐந்து பேர் ஒரு டக்கில் பிடிபட்டால் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. கம்பெனி போனை எடுக்கவில்லை என்று பிறகு வீட்டுக்காரி சொன்னாள். ஆனால் எங்களுக்கும் அந்த விமானிக்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை: பிடிபட்ட அன்றே எப்படி வெளியே போவது என்ற யோசனை ஆரம்பித்துவிடும்.

எங்களை ஒரு சின்னத் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். கப்பல் கட்ட ஒரு ஜெட்டி, அதன் எதிரே அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீண்டு போகும் கல்லணை. அணையின் நுனிக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே உள்ள வாய்தான் வெளியே போகும் வழி. அவர்களுக்கு எங்களைவிட எங்கள் டக் தேவைப்பட்டது. வெளியே நிற்கும் கப்பல்களிலிருந்து மாவும் டீசலும் பார்ஜில் இழுத்து வர வேண்டும். வேலை இருக்கிற நாளில் ஓட்டச் சொல்வார்கள். மற்ற நாளில் டக் ஓடாதபடி செய்து வைப்பார்கள்.

அதற்கென்று ஒரு ஆள் இருந்தான். எஞ்சினியருக்கு அவர்கள் ஊரில் முஹந்திஸ் என்று சொல்வார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இந்தியாவில் படித்தவன். இந்தி நன்றாகப் பேசுவான், தமிழ்கூட நாலு வார்த்தை தெரியும். அதனால் அவன் எதிரே நாங்கள் பேசுவது பக்கா மெட்ராஸ் பாஷைதான். அது அவனுக்குக் காலேஜில் சொல்லித்தரவில்லை. மற்றபடி வேலை தெரிந்தவன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கீழே இறங்கி வருவான். இரண்டு பாட்டிலின் அடி வால்வையும் திறந்துவிட்டு, புஸ்ஸென்ற சத்தம் அடங்கும் வரை நிற்பான். கேஜைத் தட்டிப் பார்ப்பான். ஜெனரேட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். பேட்டரி இல்லையென்றால் ஜெனரேட்டர் இல்லை, ஜெனரேட்டர் இல்லையென்றால் கம்ப்ரசர் இல்லை, கம்ப்ரசர் இல்லையென்றால் காற்று இல்லை. இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினால்கூட அறுக்கலாம். இதை என்ன செய்வது?

ஆனால் விசிலுக்குத் தனியாக ஒரு பாட்டில் உண்டு. சின்னது, புகைபோக்கிக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும். அது அவன் கண்ணில் படவில்லை. பெரிய பாட்டில்கள் நிரம்பும்போது அதுவும் நிரம்பும். அவன் கீழே இறங்குவதற்கு முன்பே நான் அதன் வால்வை மூடிவிடுவேன். இரண்டு உதைக்கு அந்தக் காற்று போதும், எஞ்சின் சூடாக இருந்தால். ஜெட்டியை விட்டுப் பின்னால் வர ஒரு உதை, முன்னால் போக ஒரு உதை. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அந்தக் காற்றை நான் காத்த மாதிரி என் சம்பளத்தைக்கூடக் காத்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காவல்காரர்கள் ஒரு போதை இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். சாயங்காலம் வரை அசைய மாட்டார்கள். ஒரு நாள், வேலை முடிந்து எஞ்சின் சூடு ஆறுவதற்குள், அந்த நேரத்தில் கிளம்பினோம். ஐந்து பேரும் டக்கில் இருந்தோம். நான் விசில் பாட்டிலின் காற்றைத் திருப்பி எஞ்சினுக்கு விட்டேன். முதல் உதை. எஞ்சின் பிடித்தது. டக் பின்னால் நகர்ந்து ஜெட்டியை விட்டு விலகியது. அடுத்து நிறுத்தி முன்னால் உதைக்க வேண்டும், குழாயில் உத்தரவு வரும் என்று கைப்பிடியில் கை வைத்து நிற்கிறேன்.

விசில் ஊதியது. நீளமாக, அழகாக.

முப்பது வருஷமாகக் கரையை விட்டால் மேலே போகிற கை, அன்றும் போய்விட்டது. முள் என் கண்ணெதிரே விழுந்தது. முன்னால் உதைக்க இழுத்தேன். எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. டக் மிதந்துபோய் எதிரே மணல் திட்டில் உட்கார்ந்தது. ஜெட்டி முழுக்க எழுந்து நின்று எங்களைப் பார்த்தது என்று ஏழுமலை சொன்னான். குழாயில் மாஸ்டர் குரல் வந்தது, அதே குரல்: "என் கை டிரைவரே. வேற யார் மேலயும் தப்பு இல்ல." அதையே மேலே வந்தவர்களிடமும் சொன்னார். அந்தக் கையிலேயே துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு விரல் மடங்கவே இல்லை. எங்களை ஒரு இரும்புக் கன்டெய்னருக்குள் போட்டு வெயிலில் விட்டார்கள். உள்ளே அவர் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை இந்தக் கையைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்றார். சேகர் அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பெரிய பாட்டில்கள் காலியாக இருந்தும் விசில் ஊதியது எப்படி என்று முஹந்திஸ் யோசித்திருப்பான். மறுநாளே புகைபோக்கிக்குப் பின்னால் ஏறிச் சின்னப் பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து மூன்று பாட்டிலையும் காலி செய்தான். இன்னொன்றும் செய்தார்கள். காதர் பாயைக் கரையிலேயே பிணையாக வைத்துக்கொண்டார்கள். கல்லணையின் நுனிக்குப் பக்கத்தில் அவர்களுடைய சமையல் கொட்டகை. பாய் அங்கே சமைக்க வேண்டும், அங்கேயே தூங்க வேண்டும். டக் தப்பி ஓடினால் பாய் உயிரோடு இருக்க மாட்டார் என்று முஹந்திஸ் எங்களிடம் இந்தியில் சொல்லிவிட்டுப் போனான்.

எங்களுக்குச் சாப்பாடு வாங்க ஏழுமலை தினமும் கொட்டகைக்குப் போவான். ஒரு நாள் பாய் அவனிடம் சொல்லி அனுப்பினார்: "என்னிய வுட்டுட்டு கெளம்புங்கப்பா. எம் பொண்ணுங்கள எல்லாம் கட்டிக் குடுத்தாச்சு. எனக்கின்னா கீது?" ஏழுமலை இதைச் சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொய் சொல்லமாட்டேன், நான் என் பிள்ளைகளை நினைத்தேன். மாஸ்டர் ஒற்றைக் கையால் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"பாய் ஆக்குனத துன்னுட்டு பாய வுட்டுட்டு போறதுன்னா போங்க. நா கரையில எறங்கிக்கிறேன். டக்க யாரு ஓட்டுறதுன்னு மட்டும் பேசி வெச்சுக்குங்க."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஐந்து பேரும், இல்லையென்றால் ஒருவரும் இல்லை.

காற்றுக்கு வழி தேட வேண்டியது என் வேலை. வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதை விடலாமா என்றான் சேகர். எண்ணெய் ஊறிய குழாயில் ஆக்சிஜனை விட்டால் டக்கோடு நாமும் துண்டு துண்டாகப் போவோம் என்று அவன் காதைத் திருகினேன். ஆனால் அவன் சிலிண்டர் என்று சொன்னதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தீப்பிடித்தால் புகைக்குள் போகிறவன் முதுகில் மாட்டிக்கொள்கிற மூச்சு சிலிண்டர். டக்கின் சமையலறை ஓரப் பெட்டியில் நாலு இருந்தன. அதில் இருப்பது சாதாரணக் காற்றுதான்; சின்ன சிலிண்டர், ஆனால் உள்ளே அழுத்தம் எங்கள் பாட்டிலைவிடப் பல மடங்கு. முஹந்திஸுக்கும் அவை இருப்பது தெரியும். ஜெட்டியில் டீசல் பீப்பாய்கள் அடுக்கியிருந்தார்கள், ஆகாயத்திலிருந்து குண்டு விழுகிற ஊர். தீயணைக்க வேண்டுமே என்று விட்டுவைத்திருந்தான். அதன் மரை எங்கள் பாட்டிலுக்குப் பொருந்தாது என்பதும் அவன் கணக்கு. சரியான கணக்குதான்.

பொருந்த வைத்தேன். ஒரு பித்தளைத் துண்டு, ஒரு கையரம். கடைசல் மெஷின் ஓட்டக் கரண்ட் இல்லை. மரையைக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும்; ஒரு மயிரிழை தப்பினால் அந்த அழுத்தத்தில் துண்டு தெறித்து என் மண்டையில் இறங்கும். அரத்தின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க, சேகரும் ஏழுமலையும் டெக்கில் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தியாக்காரன் கப்பலைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறான் என்று காவல்காரன் ஒருவன் மெச்சினானாம். முதல் துண்டு வீணானது. இரண்டாவதும் வீணானது. மூன்றாவதைத் திருகியபோது கடைசி மரை வரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது என்று எழுத எனக்குக் கூச்சம் இல்லை. நாற்பது வருஷ உத்தியோகத்தில் என் கை செய்த நல்ல வேலை அது. இப்போதும் அந்தத் துண்டு என் வீட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாலு சிலிண்டரையும் வடித்தாலும் ஒரு உதைக்குத்தான் தேறும். பின்னால் வந்து திரும்ப வழியில்லை. அதற்கு மாஸ்டர் வேறு வழி செய்தார். தண்ணீர் பிடிக்கும் குழாய் எட்டவில்லை என்று சொல்லி, ஒவ்வொரு வேலை முடிந்து வரும்போதும் டக்கைத் திருப்பி, முகம் வெளியே பார்க்கக் கட்ட ஆரம்பித்தார். முஹந்திஸ் முதலில் சந்தேகப்பட்டான், பிறகு பழகிவிட்டான். இனி ஒரே உதை, நேராக முன்னால். கல்லணை நுனியை உரசிக்கொண்டு போகலாம். ஆனால் நிற்க முடியாது. நின்றால் மறுபடி கிளம்பக் காற்று இல்லை. பாய்க்கு நீச்சல் தெரியாது.

ஏழுமலை போய்ச் சொன்னான்: "புகபோக்கில பொக வந்துச்சுன்னா, பாத்திரம் கழுவுற மாதிரி நுனிக்கு வந்து நில்லு பாய். டக்கு நிக்காது. ஓடுற பஸ்ஸுல தொத்துற மாதிரி தொத்திக்கினும்."

பாய் கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தாராம். பிறகு, "நின்னுகினு கீற பஸ்ஸுலயே நா யோசிச்சு ஏறுறவன்டா" என்றாராம். உண்மை. தண்டையார்பேட்டையில் வாலிபப் பசங்கள் எல்லாம் ஓடுகிற பஸ்ஸில் தொங்க, இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்.

காற்றுக்காலம் வந்தது. வெளியே கடல் கொந்தளித்து, அவர்களுடைய வேகப் படகுகள் எல்லாம் மணலில் இழுத்துப் போடப்பட்டுக் கிடந்தன. அந்தக் கடலில் டக் மட்டும்தான் போகும். ஒரு மதியம் பார்ஜை இழுத்துக் கொண்டுவந்து விட்டோம். முஹந்திஸ் மூன்று பாட்டிலையும் காலி செய்தான், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான். இலை நேரம். சேகரும் நானும் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மாட்டினோம். வால்வை ஒரு நூல் திறந்தேன். துண்டு தாங்கியது. முள் ஏறியது. நாலாவது சிலிண்டர் தீர்ந்தபோது முள் நான் விரும்பிய கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

குழாயில் குரல் வந்தது. "காத்து கீதா டிரைவரே?"

"ஒரு ஒதைக்கு கீது மாஸ்டர். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு போதும்."

மேலே ஏழுமலை அவருடைய வலது கையைத் துணியால் சக்கரத்தோடு கட்டினானாம். விசில் பாட்டில் காலி மாஸ்டர், இழுத்தாலும் சத்தம் வராது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் கட்டச் சொல்லியிருக்கிறார். கயிறுகளை அவிழ்த்தார்கள். நான் கைப்பிடியை இழுத்தேன். எஞ்சின் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் வேகம் குறைந்தது. செத்தோம் என்று நினைத்தேன். அப்போது எஞ்சினின் ஒரு சிலிண்டரில் டீசல் பற்றி 'டொப்' என்றது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம். நான் அந்த எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அது சுடும் என்பதுகூடத் தோன்றவில்லை.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர்கள் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: மேலே பட்டாசு மாதிரி சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், குழாயில் மாஸ்டர், "இன்னும் கொஞ்சம் மெதுவா முடியுமா" என்று டீக்குச் சர்க்கரை கேட்கிற குரலில் கேட்டது. எஞ்சின் நின்றுவிடாத அளவுக்குக் குறைத்தேன். பக்கவாட்டில் கல் உரசுகிற சத்தம், டக் முழுக்க அதிர்ந்தது. பிறகு என் தலைக்கு மேலே டெக்கில் தடாரென்று ஏதோ விழுந்தது. அதற்குப் பின்னாலேயே தொப்பென்று இன்னொன்று. சேகர் என்னைப் பார்த்தான். நான் சேகரைப் பார்த்தேன்.

"அஞ்சு பேரு" என்றது குழாய். "முழு வேகம்."

ஏழுமலை சொன்னதுதான் இது. பாய் வழக்கம்போலப் பெரிய டேக்சாவைக் கழுவ எடுத்துக்கொண்டு நுனிக்கு வந்திருக்கிறார். டக் நெருங்கியதும் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் குதி என்று ஏழுமலை கத்தியிருக்கிறான். பாய் முதலில் டேக்சாவை டெக்கில் வீசினார். அது பத்திரமாக விழுந்ததைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். ஏழுமலை அவருடைய பனியனைப் பிடித்து உள்ளே இழுத்தான். கொட்டகைக் காவல்காரன் ஒருவன் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். துப்பாக்கியைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டான். குறி தவறியதா, பாய் கையால் சாப்பிட்ட சோறு தடுத்ததா, எனக்குத் தெரியாது.

வெளியே அலை டக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு படகும் பின்னால் வரவில்லை. நிறுத்தினால் நிறுத்தியதுதான் என்பதால் எஞ்சினை நிறுத்தவே இல்லை. லைட் இல்லை, ரேடியோ இல்லை. சேகரும் நானும் மாறி மாறி விழித்திருந்தோம். பாய் அந்த ஆட்டத்திலும் டேக்சாவை அடுப்பில் கட்டிவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். எதிர்க்கரையில் சண்டை இல்லாத ஒரு நாடு. அதன் கடலோரக் காவல் படகு எங்களைக் கண்டுபிடித்துத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போடச் சொன்னது. அங்கேதான் எஞ்சினை நிறுத்தினேன். அந்த அமைதியில் காது வலித்தது.

அதற்குப் பிறகு ஊருக்கு வந்தது, ராயபுரத்தில் மாஸ்டர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது, கம்பெனி ஆள் பூங்கொத்தோடு வந்து திட்டு வாங்கியது எல்லாம் தனிக் கதை. மாஸ்டர் இப்போது இல்லை. பாய் இருக்கிறார், இன்றைக்கும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார். ஆனால் நான் இத்தனையும் எழுதியது, நங்கூரம் போட்ட மறுநாள் நடந்த ஒன்றுக்காக. டீக்கடைக் கதையில் அது இல்லை.

அந்த நாட்டுக்காரர்கள் ஒரு பேட்டரி கொடுத்தார்கள். ஜெனரேட்டரை ஓட்டினேன். கம்ப்ரசர் ஓடியது. பெரிய பாட்டில்கள் நிரம்பின, விசில் பாட்டிலும் நிரம்பியது. நான் அதன் கேஜ் முன்னால் நின்று முள் ஏறுவதைச் சோறு வேகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் போக நங்கூரத்தைத் தூக்கினார்கள்.

"காத்து கீதா டிரைவரே?"

"ரொம்பி கீது மாஸ்டர்."

வழக்கமான விசிலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அவர் குழாயை மூட மறந்திருந்தார். மேலே பேசுவது கீழே கேட்டது. பாயை உள்ளே கூப்பிட்டு, விசில் கம்பியைக் காட்டினாராம்.

"நாம சொல்லாம கெளம்பி வந்துட்டோம் பாய். என் வாழ்க்கையில மொத தடவ. இப்ப நீங்க சொல்லுங்க."

விசில் கிளம்பியது. பாய்க்கு எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அவர் விடவே இல்லை. முள் பாதிக்கு இறங்கியது. சேகர் என் முகத்தைப் பார்த்தான், நான் கத்தப்போகிறேன் என்று. குழாய் என் வாய்க்கு நேரே இருந்தது. முள் கால்வாசிக்கு வந்தது. சத்தம் கரகரத்து, மெலிந்து, வெறும் மூச்சாகி நின்றது. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.